பங்கு வாங்க முன் பணிப்பாளர் சபையைப் படியுங்கள்: திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

முன்பெல்லாம் பங்கு வாங்குவதென்றால் கொழும்பில் ஒரு தரகரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இப்போது உவர்மலையில் இருந்தபடியே போனில் கணக்குத் திறந்து, காலை ஒன்பதரைக்குச் சந்தை திறந்ததும் வாங்கிவிடலாம். பணிக்கொடை கைக்கு வந்த ஆசிரியர்கள், கட்டாரில் இருந்து காசு அனுப்பும் பிள்ளைகள், துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் வேலை செய்பவர்கள் என்று நம்மூரிலும் பலர் வாங்குகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வாங்க முன் பெரும்பாலானவர்கள் பார்ப்பது விலையை, போன வருடப் பங்கிலாபத்தை, அப்புறம் ஆண்டறிக்கையில் ஊழியர்கள் கண்டல் கன்று நடுகிற படத்தை.

அந்தப் படத்தை வைத்து ஒரு கம்பனி இன்னும் பதினைந்து வருடம் தாக்குப்பிடிக்குமா என்று சொல்ல முடியாது. தண்ணீரும் எரிபொருளும் விலை ஏறும்போது, சட்டம் இறுகும்போது, நிறுவிய குடும்பத்தின் மூத்தவர் படுக்கையில் விழும்போது, அந்தக் கம்பனி நிற்குமா விழுமா என்பது ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் ஏழெட்டுப் பேரின் கையில் இருக்கிறது. அந்த ஏழெட்டுப் பேரில் முதலாளியின் முகத்தைப் பார்த்து "இது வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர் ஒருவராவது இருக்கிறாரா? என்னைக் கேட்டால் நிலைபேறு பற்றிய முழுக் கேள்வியும் இதுதான். இதற்கான பதில் ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கும். எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் தொடங்குங்கள்

கொழும்பு பங்குப் பரிவர்த்தனையின் இணையத்தளத்தில் எல்லாப் பட்டியலிட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கையும் இலவசமாகக் கிடைக்கும். இருநூறு முந்நூறு பக்கம் வரும். முன்னால் இருந்து வாசித்தால் தவிசாளரின் செய்தியிலேயே களைத்துப்போவீர்கள், ஆகவே பின்னால் இருந்து தொடங்குங்கள். அங்கே வருடாந்தப் பொதுக்கூட்ட அறிவித்தல் இருக்கும்.

அதில் இப்படி ஒரு தீர்மானம் அடிக்கடி கண்ணில் படும்: "78 வயதுடைய இன்னாரைப் பணிப்பாளராக மீள நியமிப்பதற்கும், கம்பனிச் சட்டத்தின் 210ஆம் பிரிவிலுள்ள வயதெல்லை அவருக்குப் பொருந்தாது எனப் பிரகடனப்படுத்துவதற்கும்." 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டப்படி பொதுக் கம்பனி ஒன்றின் பணிப்பாளருக்கு வயதெல்லை 70. அதைத் தாண்டியவரை வைத்திருக்க வேண்டுமென்றால் பங்குதாரர்களின் தீர்மானம் வேண்டும், அதுவும் ஒவ்வொரு வருடமும். ஒரு பெரியவர் இருப்பதில் எந்தப் பிழையும் இல்லை, அனுபவம் என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் எட்டுப் பேர் சபையில் நான்கு பேருக்கு இந்தத் தீர்மானம் வருடா வருடம் வருகிறது, அறிக்கையில் அடுத்து யார் என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை என்றால், அந்தக் கம்பனி 2040ஐப் பற்றிப் போட்டிருக்கும் காபன் இலக்கை நான் அவ்வளவாக நம்பமாட்டேன். அந்த இலக்குக்குப் பதில் சொல்ல அந்த மேசையில் அப்போது யார் இருக்கப்போகிறார்கள்?

அப்புறம் பணிப்பாளர்களின் படமும் சிறுகுறிப்பும் உள்ள பக்கம். படித்த பட்டங்களை விட்டுவிடுங்கள். நியமிக்கப்பட்ட திகதியைப் பாருங்கள். 2023 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த பங்குப் பரிவர்த்தனையின் புதிய ஆளுகை விதிகளின்படி ஒரு சபையில் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும். அதில் இரண்டு பேர் அல்லது மூன்றில் ஒரு பங்கு, எது கூடவோ அத்தனை பேர் சுயாதீனமானவர்களாக இருக்க வேண்டும். ஒன்பது வருடத்துக்கு மேல் அதே சபையில் இருந்தவரைச் சுயாதீனமானவர் என்று கணக்கெடுக்க முடியாது. முதலாளியின் நெருங்கிய உறவினரையும் முடியாது. இதெல்லாம் ஆகக்குறைந்த அளவுதான். விதிக்குச் சரியாகத் தொட்டுக்கொண்டு நிற்கும் சபைக்கும், விரும்பியே பாதிப்பேரை வெளியில் இருந்து எடுத்த சபைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

உறவுமுறையை அறிக்கை நேரடியாகச் சொல்லாது. குடும்பப் பெயர், பழைய வேலை, வேறு எந்தக் கம்பனிகளில் இவர்கள் சேர்ந்து உட்காருகிறார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி கோடு போட்டுப் பாருங்கள். தவிசாளரும் "சுயாதீன" பணிப்பாளர் இருவரும் வேறு இரண்டு கம்பனிகளிலும் அதே மூவராக இருந்தால், சட்டப்படி சரிதான், ஆனால் ஒருவருக்கொருவர் வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அவர்களுக்கு இருக்குமா என்று நீங்களே யோசியுங்கள்.

தவிசாளரும் பிரதம நிறைவேற்று அதிகாரியும் ஒரே ஆளா என்பதும் இந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஒரே ஆளாகவோ நெருங்கிய உறவினராகவோ இருந்தால் சிரேஷ்ட சுயாதீனப் பணிப்பாளர் என்று ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது விதி. அவருடைய அறிக்கை தனியாக இருக்கும். அதில் அவர் உண்மையில் என்ன செய்தார் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா, இல்லை விதியைத் திருப்பி எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

வரவு இடாப்பு

எனக்குப் பிடித்த பக்கம் இது. பெயருக்கு நேரே 4/4, 4/4, 3/4, 1/4 என்று ஒரு சின்ன அட்டவணை. வருடத்துக்கு நான்கு கூட்டம், அதில் ஒருவர் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறார் என்றால், முன் பக்கத்தில் அவருடைய சர்வதேச அனுபவம் பற்றி எழுதிய அரைப் பக்கம் எதற்கு? அப்படியே கீழே வந்து குழுக்களின் வரவையும் பாருங்கள். கணக்காய்வு, சம்பளம், நியமனமும் ஆளுகையும், தொடர்புடைய தரப்பினரின் கொடுக்கல்வாங்கல் மீளாய்வு என்று நான்கு குழு கட்டாயம். நான்கிலும் அதே மூன்று பேர், நான்கு கூட்டமும் ஒரே நாளில் அடுத்தடுத்து என்றால் எவ்வளவு நேரம் பேசியிருப்பார்கள் என்று கணக்குப் போடலாம்.

தொடர்புடைய தரப்பினர் கொடுக்கல்வாங்கல் என்றால் பலர் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். புரட்ட வேண்டாம். பட்டியலிட்ட கம்பனி தன் காசில் தவிசாளரின் சொந்தக் கம்பனியிடம் கட்டடம் வாடகைக்கு எடுப்பது, சகோதரக் கம்பனிக்குக் கடன் கொடுப்பது எல்லாம் நிதிக்கூற்றுக்குப் பின்னால் உள்ள குறிப்புகளில் இருக்கும். வேலியே பயிரை மேய்கிறதா என்று தெரிவது இங்கேதான். கம்பனி ஒன்று உள்ளிருந்து உக்கும்போது முதல் அடையாளம் பெரும்பாலும் இந்தக் குறிப்பில்தான் தெரியும். வருடா வருடம் கூடிக்கொண்டு போகும் "சகோதரக் கம்பனியிடமிருந்து வரவேண்டியது" என்ற ஒரு வரியை மட்டும் ஐந்து வருட அறிக்கையில் பின்தொடர்ந்து பாருங்கள், போதும்.

நிலைபேறு யாருடைய பொறுப்பு?

இலங்கையில் நிலைபேறு அறிக்கையிடலுக்கு எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். எஸ்1, எஸ்2 என்று இரண்டு நியமங்கள் வந்திருக்கின்றன. பெரிய பட்டியலிட்ட கம்பனிகளுக்கு 2025இல் தொடங்கிய நிதியாண்டில் இருந்து. 2023 ஜூனில் வெளிவந்த சர்வதேச நியமங்களைத் தழுவியவை. அவை முதலில் கேட்பது மரக்கன்று எத்தனை என்று இல்லை, ஆளுகையைத்தான் கேட்கின்றன. சபையில் யார் அல்லது எந்தக் குழு காலநிலை அபாயத்துக்குப் பொறுப்பு, அவர்களுக்கு அதற்கான அறிவு இருக்கிறதா, எத்தனை தடவை இந்த விஷயம் அவர்கள் முன் வருகிறது, உயரதிகாரிகளின் சம்பளத்தில் இது ஏதாவது சேர்கிறதா. இந்த நான்குக்கும் பதில் தேடுங்கள். "எமது பணிப்பாளர் சபை நிலைபேற்றில் உறுதியான அர்ப்பணிப்பு கொண்டுள்ளது" என்பது பதில் அல்ல. பெயரும் எண்ணிக்கையும் இருந்தால் பதில்.

சம்பளத்தைப் பற்றிச் சொன்னேன், அதைச் சும்மா சொல்லவில்லை. 2020 மே மாதம் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஜூக்கன் ஜோர்ஜ் என்ற இடத்தில் 46,000 வருடங்களுக்கு முன்பே ஆதிக்குடிகள் புழங்கிய குகைகளை, இரும்புத்தாது எடுப்பதற்காக ரியோ டின்டோ கம்பனி வெடிவைத்துத் தகர்த்தது. சட்டப்படி அனுமதி கையில் இருந்தது. பணிப்பாளர் சபை தானே ஒரு மீளாய்வு செய்து, மூன்று உயரதிகாரிகளின் போனஸில் வெட்டு என்று ஓகஸ்டில் முடித்துவிட்டது. பெரிய பங்குதாரர்கள், அதிலும் அவுஸ்திரேலிய ஓய்வூதிய நிதியங்கள், "இதுதானா தண்டனை?" என்று விடாமல் பிடித்த பிறகுதான் செப்டெம்பரில் பிரதம நிறைவேற்று அதிகாரியும் வேறு இருவரும் விலகப்போவதாக அறிவித்தார்கள். அடுத்த வருடம் தவிசாளரும் தான் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்றார். பங்குதாரர்கள் தட்டிக் கேட்கும் வரைக்கும் சபைக்கு அது போனஸ் கணக்காகத்தான் தெரிந்திருக்கிறது.

அதற்காக அமைப்பை மட்டும் பார்த்தும் ஏமாறக்கூடாது. ஜேர்மனியின் வொக்ஸ்வேகனை எடுங்கள். அங்கே நிர்வாகச் சபை வேறு, அதைக் கண்காணிக்கும் மேற்பார்வைச் சபை வேறு. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரிய கம்பனிகளின் மேற்பார்வைச் சபையில் பாதி இடம் தொழிலாளருக்கு. தாளில் பார்த்தால் இதைவிட நல்ல அமைப்பு எங்கே கிடைக்கும்? ஆனால் மற்றப் பாதியில் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள்: வாக்குரிமையில் பாதிக்கு மேல் வைத்திருக்கும் போர்ஷே, பியெக் குடும்பங்கள், 20 வீதம் வைத்திருக்கும் லோவர் சக்ஸனி மாநில அரசு, கட்டார். தொழிலாளருக்கு வேலை போகக்கூடாது, மாநிலத்துக்குத் தொழிற்சாலை போகக்கூடாது, குடும்பத்துக்குப் பிடி போகக்கூடாது. எதையும் இழக்கப் பயப்படாமல் கேள்வி கேட்கும் வெளியாள் மிகக் குறைவு. 2015 செப்டெம்பரில் டீசல் புகைப் பரிசோதனையை ஏமாற்றும் மென்பொருளை அமெரிக்காவின் சுற்றாடல் முகவரகம் அம்பலப்படுத்தியபோது, உலகம் முழுவதும் ஒரு கோடிப் பத்து இலட்சம் வாகனங்கள் வரை அதில் அகப்பட்டிருந்தன.

சரி, நம்மூருக்கு வருவோம்

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை எல்லோருக்கும் தெரியும். 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தப்படி 14 தாங்கி லங்கா ஐ.ஓ.சி.யிடம், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த ட்ரிங்கோ பெற்றோலியம் டேர்மினல் என்ற கம்பனியிடம். அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐ.ஓ.சி.க்கு 49. இதில் பொதுமக்கள் பங்கு வாங்கக்கூடியது லங்கா ஐ.ஓ.சி. ஒன்றுதான், அதிலும் 75.12 வீதம் இந்தியத் தாய்க் கம்பனியிடம் இருக்கிறது. அப்படிப்பட்ட கம்பனியில் பங்கு வாங்குவது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே பெரும்பான்மைப் பணிப்பாளர்கள் யாரால் நியமிக்கப்படுகிறார்கள், நீண்டகால எரிசக்தித் திட்டம் கொழும்பில் தீர்மானிக்கப்படுகிறதா டில்லியிலா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். கால்வாசிக்கும் குறைவாக உள்ள மற்றப் பங்குதாரருக்குக் காவல் அந்தச் சுயாதீனப் பணிப்பாளர்கள்தான், ஆகவே அவர்களின் குறிப்பை இரண்டு தடவை வாசியுங்கள்.

திருகோணமலையில் ஆலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்து இன்னொரு உதாரணம். அதற்கு வாக்குரிமை உள்ள பங்கு, வாக்குரிமை இல்லாத பங்கு என்று இரண்டு வகை. இரண்டாவது விலை குறைவாகத்தான் போகும், பங்கிலாபத்துக்காக வாங்குபவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். விலை குறைவதற்குக் காரணம் இருக்கிறது: பணிப்பாளரைத் தெரிவுசெய்யும்போது உங்கள் கை எழாது. சபையின் தரத்தை நம்பி இருக்க வேண்டியவர் வாக்கில்லாதவர்தான், ஆனால் சபைப் பக்கத்தை ஆகக் குறைவாகப் படிப்பவரும் அவர்தான். சீமெந்துத் துறையில் இன்னொன்று: புகையில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுக் கிளிங்கர் செய்யும் இடத்தில் வருகிறது. கிளிங்கரை இறக்குமதி செய்து இங்கே அரைக்கும்போது அந்தப் புகை வேறொரு நாட்டின் வானத்தில் போகும், அறிக்கையில் ஸ்கோப் மூன்று, அதாவது கம்பனிக்குச் சொந்தமில்லாத இடங்களில் அதற்காக வெளியாகும் புகை, என்ற தலைப்புக்குள் ஒதுங்கும். எந்தச் சீமெந்துக் கம்பனியின் அறிக்கையை எடுத்தாலும், இதைப் புரிந்து கேள்வி கேட்கக்கூடிய பொறியியல் அறிவுள்ளவர் சபையில் எத்தனை பேர், கணக்காளரும் சட்டத்தரணியும் மட்டும்தானா என்று எண்ணிப் பாருங்கள்.

சம்பூரையும் விட முடியாது. இலங்கை மின்சார சபையும் இந்திய அரசின் மின் உற்பத்திக் கம்பனியான என்.டி.பி.சி.யும் பாதிக்குப் பாதி சேர்ந்து 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் கட்ட 2011இல் ஒரு கம்பனி தொடங்கின. நிலக்கரி அந்த ஊரின் நிலத்துக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் என்ன செய்யும் என்று கேட்டது ஊர்ச்சனமும் சுற்றாடல்காரரும். 2016 செப்டெம்பரில் திட்டம் கைவிடப்பட்டது என்ற செய்தி வந்தது உயர் நீதிமன்றத்தில், சட்டமா அதிபர் திணைக்களத்தின் வாயால். இப்போது அதே சம்பூரில் சூரிய சக்தி. இரண்டு அரசுகள் நியமித்த பாதிக்குப் பாதிச் சபையில் வெளியாள் ஒருவர் இல்லையென்றால், "வேண்டாம்" என்ற சொல் சபைக்கு வெளியே வழக்காகத்தான் வரும், அதுவும் வருடங்களும் காசும் போன பிறகு.

கேள்வியைக் கேளுங்கள்

கொரோனாவுக்குப் பிறகு நிறையக் கம்பனிகள் பொதுக்கூட்டத்தை இணையவழியில் நடத்துகின்றன, இரவு பஸ் பிடித்துக் கொழும்பு போகத் தேவையில்லை. நூறு பங்கு வைத்திருந்தாலும் கேட்கலாம். கூட்டத்துக்கு முன் கம்பனிச் செயலாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள், ஒரே ஒரு கேள்வி, பெயரும் பக்க இலக்கமும் போட்டு: "பக்கம் 61இல் காலநிலை அபாயம் கணக்காய்வுக் குழுவின் பொறுப்பு என்கிறீர்கள், அந்தக் குழு போன வருடம் எத்தனை கூட்டத்தில் அதைப் பேசியது?" பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். போக முடியாவிட்டால், உங்களுக்காக வாக்களிக்க இன்னொருவரை நியமிக்கும் பதிலாள் படிவத்தைக் கையெழுத்திட்டு அனுப்பலாம், வழக்கமாகக் கூட்டத்துக்கு 48 மணித்தியாலம் முன் போய்ச் சேர வேண்டும்.

உங்களுடையது சின்னக் கம்பனியா?

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் விடுதி, மீன் ஏற்றுமதி, ஐஸ் தொழிற்சாலை என்று பிரைவேட் லிமிடெட் பதிந்தவர்கள் பலர். சட்டப்படி ஒரு பணிப்பாளர் போதும். பெரும்பாலும் கணவன் மனைவி, அல்லது இங்கே ஒரு அண்ணன், கனடாவில் ஒரு தம்பி, ஐம்பதுக்கு ஐம்பது. இந்த ஐம்பதுக்கு ஐம்பதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான அமைப்பு. நல்ல காலத்தில் ஒன்றும் தெரியாது. கிணற்றுத் தண்ணீர் உவரத் தொடங்கி, இன்னும் ஆழமாக மோட்டார் போடுவதா, நீச்சல் தடாகத்தை நிறுத்துவதா என்ற நாள் வரும்போது இருவரும் சரிசமமாக முட்டிக்கொண்டு நிற்பார்கள். கடற்கரை மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது, அளவுக்கு மீறி இழுத்தால் உப்பு மேலேறும், இது அண்ணன் தம்பி சமாதானமாகும் வரை காத்திருக்காது.

ஆகவே மூன்றாவதாக ஒருவரை எடுங்கள். குடும்பத்துக்கு வெளியே. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், நீர்வழங்கல் பொறியியலாளர், நல்ல கணக்காளர், யாராவது. பங்கு கொடுக்கத் தேவையில்லை, கூட்டத்துக்கு ஒரு கொடுப்பனவு போதும். உங்களிடம் கடன் வாங்கியவரையும், உங்களுக்குக் கடன் கொடுத்தவரையும் எடுக்க வேண்டாம். பணிப்பாளர் ஆனால் சட்டப் பொறுப்பும் அவர் தலையில் விழும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பயந்தால் ஆலோசகராக இருக்கட்டும், ஆனால் அப்போது அவருக்கு வாக்கில்லை.

கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒன்று. கிழக்குக் கரையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை, அதனால் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் கட்டாயம் ஒன்று வையுங்கள்: சீசன் தொடங்க முன் ஒரு கணக்கு, முடிந்த பின் ஒரு கணக்கு. நிகழ்ச்சி நிரலில் காசோடு சேர்த்துத் தண்ணீர்ப் பாவனை, கழிவுநீர்க் குழி, ஊழியர் சேமலாப நிதி கட்டினோமா என்ற மூன்றும் நிரந்தரமாக இருக்கட்டும். எந்தப் பணிப்பாளருடைய வாகனத்தை, காணியைக் கம்பனி வாடகைக்கு எடுக்கிறதோ அவர் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று கம்பனிச் சட்டத்தின் 192ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். சொந்தத் தம்பியிடம் கையொப்பமா என்று வெட்கப்பட வேண்டாம், பின்னாளில் வங்கிக்காரர் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. கம்பனியின் தேறிய சொத்து (சொத்தில் கடனைக் கழித்த மிச்சம்) கூறப்பட்ட மூலதனத்தின் (பங்குகளுக்காகக் கம்பனிக்கு வந்த பணத்தின்) பாதிக்குக் கீழே போய்விட்டது என்று ஒரு பணிப்பாளருக்குத் தெரியவந்தால், 20 வேலை நாளுக்குள் சபை பங்குதாரர்களின் விசேட பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும். 220ஆம் பிரிவு. 2020, 2022 போன்ற வருடங்களில் இந்தக் கோட்டைத் தாண்டிய விடுதிகள் எத்தனையோ இருக்கும். வெளியாள் ஒருவர் மேசையில் இருந்தால் இதை யாராவது நேரத்துக்குச் சொல்வார்கள்.

புதிய பணிப்பாளரைச் சேர்த்ததும் படிவம் 20ஐ நிரப்பி 20 வேலை நாளுக்குள் கம்பனிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். இப்போது இணையத்திலேயே செய்யலாம், உங்கள் கம்பனிச் செயலாளர் செய்து தருவார். அனுப்ப முன் அகவிதிகளை எடுத்து, வாக்குச் சமமானால் தவிசாளருக்குத் தீர்மான வாக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான சின்னக் கம்பனிகளில் அந்தப் பக்கத்தைப் பதிந்த நாளுக்குப் பிறகு யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.